அக்காவும் அட்ரினல் குளிசையும்

"வேற மருந்து ஏதாவது எடுக்கிறீங்களா?" என்று டொக்டர் கேட்டபோது அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, "இல்லை டொக்டர், தைரொயிட் குளிசை மட்டுந்தான்" என்றாள். பக்கத்துக் கதிரையிலிருந்து தங்கச்சி நானும் "ஓம் டொக்டர், வேற ஒண்டுமில்லை" என்று சாட்சி சொன்னேன். எங்கள் கணக்கில் இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. மருந்து என்றால் டொக்டர் துண்டில் எழுதித் தருவது. வெளிநாட்டிலிருந்து சூட்கேசில் வருவது மருந்தில்லை, அது வைட்டமின். கொழும்பில், வெள்ளவத்தையில் எந்த ஃபிளட்டுக்குப் போனாலும் பாருங்கள், ஃப்ரிட்ஜுக்கு மேலே நாலைந்து போத்தல் நிற்கும். லண்டன் மீன் எண்ணெய், கனடா முழங்கால் குளிசை, சுவிஸிலிருந்து வந்த ஏதோ ஒன்று. அது ஜெர்மன் மொழியில் எழுதியிருப்பதால் என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் போடுவார்கள். பிள்ளை அனுப்பினதை எப்படிப் போடாமல் விடுவது?

அக்கா எனக்கு மூன்று வயது மூப்பு. கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடி வீடொன்றில் தனியாக இருக்கிறாள். கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் ஆங்கிலக் கடிதங்களாக அடித்துத் தள்ளி ஓய்வு பெற்றவள். அவளுடைய புருஷன், எங்கள் அத்தான், இப்போது இல்லை. ஒரே மகன் ரொறன்ரோவில். பல வருடங்களுக்கு முன் கழுத்தில் கழலை வந்து தைரொயிட் சுரப்பியை முழுதாக வெட்டி எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் விடிய வெறும் வயிற்றில் ஒரு சின்ன வெள்ளைக் குளிசை போட்டு, அரை மணித்தியாலம் கழித்துத்தான் தேத்தண்ணி. உடம்புக்குள் சுரப்பி இல்லாததால் அது செய்யவேண்டிய வேலை முழுவதையும் அந்தக் குளிசைதான் செய்கிறது. குளிசை இல்லாவிட்டால் அக்கா இல்லை. இதை எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் அந்த நாளிலேயே சொல்லித்தான் விட்டார்கள்.

அப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வண்டியில்தான் என் பெறாமகன், அதாவது அக்காவின் மகன், வந்து கையை வைத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேரம், அங்கே அவனுக்கு விடியும் நேரம், அம்மாவுக்கு ஃபோன் எடுப்பான். ஒருநாள் அக்கா "களைப்பா இருக்கடா" என்று சொல்லிவிட்டாள். அறுபது தாண்டியவள், மரக்கறிப் பையோடு மூன்று மாடி ஏறினால் களைக்காமல் துள்ளிக் குதிப்பாளா? அவன் அன்றிரவே இன்டர்நெட்டைக் கரைத்துக் குடித்துவிட்டு அடுத்த கிழமை வைத்தியம் சொன்னான். "அம்மா, உங்களுக்குக் களைச்சிருக்கிறது அட்ரினல்."

"அதெங்கையடா கிடக்கு?" என்று அக்கா கேட்டாள்.

சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி இரண்டு சின்னச் சுரப்பிகளாம். கவலைப்பட்டுக் கவலைப்பட்டு அவை களைத்துப் போகுமாம். அவற்றுக்கு ஊக்கம் கொடுக்க 'அட்ரினல் சப்போர்ட்' என்று குளிசை இருக்கிறதாம். அக்காவுக்கு ஒரே சந்தோஷம். தன் உள்ளுறுப்புகளைப் பற்றி மகன் ரொறன்ரோவில் இருந்து யோசிக்கிறான் என்றால் சும்மாவா? பிறகு கனடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிற ஒவ்வொருவரின் சூட்கேசிலும் ஒரு பெரிய போத்தல் வரும். வந்தவர்கள் வெள்ளவத்தையில் எந்தச் சந்து ஒழுங்கையில் தங்கியிருக்கிறார்கள் என்று தேடிப்போய் வாங்கி, பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற உத்தியோகம் எனக்கு.

சில மாதம் போக வழக்கமான இரத்தப் பரிசோதனை வந்தது. ரிப்போட்டில் ஹோர்மோன் எக்கச்சக்கமாகக் கூடியிருந்தது. "குளிசை கூடிப்போச்சு, கொஞ்சம் குறைப்பம்" என்று டொக்டர் குறைத்தார். குறைத்த பிறகு மறுபடி எடுத்த ரிப்போட்டிலும் கூடுதலாகத்தான் காட்டியது. அவர் இன்னும் குறைத்தார். அவரில் என்ன பிழை? பேப்பரில் இருக்கிறதைத்தானே அவர் பார்க்க முடியும். அன்றைக்குத்தான் வேறு மருந்து எடுக்கிறீங்களா என்று கேட்டார், நாங்களும் அந்த அழகான பதிலைச் சொல்லிவிட்டு வந்தோம்.

அதற்குப் பிறகு அக்கா என் கண் முன்னாலேயே அணையத் தொடங்கினாள்.

சித்திரை மாதத்துக் கொழும்பு வெயில் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எனக்கு முதுகால் வேர்வை ஓட, அக்கா ஃபேனை நிற்பாட்டிவிட்டு, மகன் எப்போதோ அனுப்பிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு இருப்பாள். முகம் ஊதி, கண்ணிமை தடித்து, குரல் ஆம்பிளைக் குரலாகிவிட்டது. ஒன்றைக் கேட்டால் பதில் வர நேரமாகும். தேங்காய் திருவிக்கொண்டிருக்கும்போதே நித்திரை கொள்வாள். நானும் திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், இஞ்சி போட்டுத் தேத்தண்ணி ஊற்றிப் பார்த்தேன். "எனக்கென்னடி, நல்லாத்தானே இருக்கிறன்" என்பாள். அதைச் சொல்லி முடிக்கவே அவளுக்கு அரை நிமிடம் பிடிக்கும்.

ஒருநாள் கந்தோரில் வேலையாக இருக்கும்போது அவளுடைய கீழ்வீட்டு மனுஷி ஃபோன் எடுத்தார். மாடி முழுக்க காஸ் மணக்கிறதாம், கதவைத் தட்டத் தட்ட அக்கா திறக்கிறாளில்லையாம். த்ரீவீல் பொடியனிடம் "மல்லி, இக்மனட்ட யன்ன" என்று, வேகமாகப் போகச் சொல்லிச் சிங்களத்தில் கத்திக்கொண்டே போனேன், அவனும் நான் போட்ட சத்தத்தில் ஒரு சிவப்பு லைட்டையும் மதிக்காமல் பறந்தான். நான் போய்ச் சேர்வதற்குள் கதவைத் திறந்துவிட்டிருந்தாள். அடுப்பைத் திருகிவிட்டுப் பற்றவைக்க மறந்து, கதிரையில் இருந்து உறங்கியிருக்கிறாள். ஜன்னல்களெல்லாம் திறந்து கிடக்க, நடுவில் ஸ்வெட்டரோடு இருந்துகொண்டு என்னைப் பார்த்துக் கேட்கிறாள், "ஏன் இண்டைக்கு வேலைக்குப் போகேல்லையோ?" எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அழுகைதான் வந்தது.

அடுத்தநாளே டொக்டரைச் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி நம்பர் எடுத்து, கும்பலுக்குள் மூன்று மணித்தியாலம் காத்திருந்து உள்ளே போனேன். அவர் வழக்கம்போல ரிப்போட்டை விரித்தார். நான் அதன் மேல் கையை வைத்துவிட்டேன்.

"டொக்டர், கோவிக்காதேங்கோ. இந்தப் பேப்பரை விட்டிட்டு இந்த மனிசியை ஒருக்காப் பாருங்கோ. ஹோர்மோன் கூடினவைக்கு வேர்க்கும், நெஞ்சு படபடக்கும், நித்திரை வராதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? இவ ஸ்வெட்டரோட வந்திருக்கிறா!"

கோபிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்தார். நாடி பார்த்தார். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார், அக்காவின் கால் யோசித்து யோசித்து எழும்பி, அதைவிட மெதுவாகக் கீழே போனது. டொக்டர் திரும்பிப் போய்க் கதிரையில் இருந்து நெற்றியைத் தேய்த்தார். "காலமை எழும்பினதில இருந்து படுக்கிற வரைக்கும் இவங்க வாய்க்குள்ள போடுற எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டு வாங்க. மருந்து எண்டு நான் கேக்கல்ல. எல்லாம்."

கொண்டுபோனேன். கொத்தமல்லி, சுக்கு, திரிபலாச் சூரணம், இருமல் மிட்டாய், அந்த வெள்ளைக் குளிசை, அதோடு ரொறன்ரோ போத்தல். மேசையில் கொட்டியதும் டொக்டர் மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் போத்தலை எடுத்தார். லேபிளை வாசிக்க வாசிக்க அவருடைய முகம் மாறியது.

"இது எவ்வளவு காலமா?"

"அது மருந்தில்லை டொக்டர், வைட்டமின்" என்றேன். எனக்கே என் குரல் அசட்டுத்தனமாகக் கேட்டது.

அவர் பொறுமையாகத்தான் விளங்கப்படுத்தினார். அந்தக் குளிசைக்குள் பயோட்டின் என்ற வைட்டமின் அளவுக்கு மிஞ்சிக் கிடக்கிறது. தலைமயிருக்கும் நகத்துக்கும் நல்லதென்று எல்லாவற்றுக்குள்ளும் இப்போது அதைப் போடுகிறார்களாம். லாபில் தைரொயிட் பார்க்கிற பல மெசின்கள் அதே பயோட்டினைப் பசை மாதிரிப் பாவித்துத்தான் ஹோர்மோனைப் பிடித்து எண்ணுகின்றன. இரத்தத்திலும் அது நிறைய இருந்தால் மெசின் குழம்பிவிடும். குறைந்திருக்கிற ஹோர்மோனைக் கூடுதல் என்று காட்டும். "நான் ஹோர்மோன் கூடிப்போச்சு எண்டு நினைச்சுக் குளிசையைக் குறைச்சிருக்கிறன். உண்மையில இவங்களுக்குக் குறைஞ்சு குறைஞ்சு போயிருக்கு." போத்தலைத் திருப்பிப் பார்த்தார். "இதுக்குள்ள அமுக்கராவும் இருக்கு, அது சுரப்பி இருக்கிறவங்களுக்குத் தைரொயிட் ஹோர்மோனையே கூட்டிவிடும். பிறகு ஏதோ சுரப்பித் தூள் வேற. அதால என்ன ஹோர்மோன் உள்ள போகுதெண்டு கடவுளுக்குத்தான் தெரியும், அதுவும் ரெஸ்ட்டைக் குழப்பலாம். ஒரு கிழமை, ஏழு நாளும், இதை அடியோட நிப்பாட்டுங்க. பிறகு இரத்தம் எடுப்பம்."

இவ்வளவு நேரமும் அக்கா சுவரில் மாட்டியிருந்த கலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி டொக்டர்" என்றாள்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. ஒரு கிழமை கழித்து இரத்தம் எடுத்தோம், ரிப்போட் வந்தது, அதே கூடின கணக்கு! டொக்டர் பேப்பரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "நிப்பாட்டினீங்கதானே?"

"ஓம் டொக்டர்" என்றாள் அக்கா, வலு பெருமையாக. "ரெஸ்ட்டுக்கு முதல்நாள் முழுக்க விரதம் பிடிச்சனான். பச்சைத் தண்ணியும் வாயில வைக்கேல்ல."

"அதுக்கு முதல்?"

அக்கா மறுபடி சுவர்க் கலண்டரைப் பார்த்தாள்.

எங்கள் அக்கா பிடிக்காத விரதம் இல்லை. வெள்ளி, சஷ்டி, சிவராத்திரி, எல்லாம். ஒருநாள் பட்டினி கிடந்தால் உடம்பு கழுவித் துடைத்த பாத்திரம் ஆகிவிடும் என்பது அவளுடைய நம்பிக்கை. கந்தனுக்குப் பிடித்த விரதத்தை லாபுக்கும் பிடித்திருக்கிறாள்! டொக்டர் பேனையை மேசையில் வைத்துவிட்டு, "ஒரு நாளில்ல அம்மா, ஒரு கிழமை" என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, மெல்லிய குரலில், "இப்பிடியே விட்டா இவங்க ஒருநாள் படுத்த இடத்தில இருந்து எழும்ப மாட்டாங்க" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் இறங்கி ஓடியிருப்பார்கள். வீட்டுக் கதவைச் சாத்தியதும் ஆரம்பித்தேன்.

"எங்கை அந்தக் கோதாரிப் போத்தல்?"

"கத்தாதை. பக்கத்து வீட்டுக்குக் கேக்கப் போகுது."

"கேக்கட்டும்! எங்கை?"

சாமித்தட்டில் இருந்தது. விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், பிள்ளையாருக்கு முன்னால், ஏதோ பிரசாதம் மாதிரி. எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தேன். லேபிளில் எறும்பு ஊர்வது போல எழுத்து. ஃபோனால் படமெடுத்துப் பெருப்பித்துப் பெருப்பித்து வாசித்தேன். டொக்டர் சொன்ன பயோட்டின் இருந்தது. அமுக்கரா இருந்தது. அதற்குக் கீழே அவர் சொன்ன சுரப்பித் தூளும் இருந்தது. அந்தச் சுரப்பி யாருடையது என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. இங்கே தெளிவாகவே போட்டிருந்தார்கள். மாட்டினுடையது.

எங்கள் அக்காவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். முட்டை வாசம் பட்டாலே குளிக்கப் போகிறவள் அவள். பேக்கரியில் பணிஸ் வாங்கும்போது முட்டை பூசினதா என்று குறுக்கு விசாரணை நடத்துவதால், அந்தப் பேக்கரிக்காரர் அவளைக் கண்டாலே உள்ளே போய்விடுவார். நான் மீன் சாப்பிடுகிறவள் என்பதால் என் வீட்டுக் கரண்டியால் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. கலியாண வீடுகளுக்குத் தன் தட்டைக் கொண்டு போகிறவள். அப்படிப்பட்டவள் மாதக்கணக்காகப் பசுமாட்டுச் சுரப்பியை விழுங்கியிருக்கிறாள், அதுவும் பிள்ளையாருக்கு முன்னால் வைத்தெடுத்து.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. இனி நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை, இதைச் சொன்னாலே போத்தலைத் தூக்கி எறிந்துவிட்டுக் தலைமுழுகக் கிணற்றைத் தேடுவாள் என்று நினைத்தேன்.

"அக்கா, இதென்னெண்டு தெரியுமோ? மாடு! மாட்டின்ர சுரப்பி! மாட்டைத்தான் நீ இவ்வளவு நாளும் திண்டிருக்கிறாய்!"

அக்கா ஸ்வெட்டரின் கையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"முதல் போத்தல் வந்த அண்டைக்கே வாசிச்சனான். எனக்கு இங்கிலீஷ் தெரியாதே?"

என் வாயை அடைக்க உலகத்தில் ஒருவராலும் முடியாது என்று என் கணவர் சொல்வார். அன்றைக்கு அடைத்துப் போனது.

"தெரிஞ்சுகொண்டோ போட்டனி?"

"அவன் எடுத்தவுடன கேக்கிறது அதைத்தானே" என்று மெல்லச் சொன்னாள். "அம்மா, குளிசை போட்டீங்களோ எண்டு. ஓம் எண்டா, எத்தினை மணிக்குப் போட்டீங்கள், சாப்பிட்டபிறகோ முன்னமோ, இப்ப களைப்பு எப்பிடியெண்டு ஒவ்வொண்டாக் கேப்பான். அதுக்கு முதல் அவன் எடுத்தா என்ன கதைக்கிறவன்? மழையோ, வெயிலோ, சரி வைக்கட்டோ. அவ்வளவுதான். இதை நிப்பாட்டினா பிறகு அவன் என்னத்தைக் கேக்கிறதுக்கு எடுப்பான்?"

"போடாமலே போட்டனான் எண்டு சொல்லுறதுதானே? உனக்கென்ன விசரே?"

"பெத்த பிள்ளைக்குப் பொய் சொல்லச் சொல்லுறியோ?"

பாருங்கள் நியாயத்தை! உயிரைக் காப்பாற்றுகிற டொக்டருக்கு முகத்துக்கு நேரே பொய் சொல்லலாம், சொந்தத் தங்கைக்குச் சொல்லலாம், லாபுக்குச் சொல்லலாம். ரொறன்ரோவில் இருக்கிற அந்த இளவரசருக்கு மட்டும் அரிச்சந்திரன் வீட்டு நியாயம். எனக்கு அவளைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. கட்டிப்பிடித்து அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் போத்தலை என் ஹாண்ட்பாக்குக்குள் போட்டு, கந்தோருக்கு லீவு சொல்லி, அன்றிலிருந்து அவளோடேயே வந்து இருந்துவிட்டேன்.

"ஒண்டு மட்டும்" என்றாள் அன்றிரவு சாப்பிடும்போது. "மாட்டுக் கதையை அவனுக்குச் சொல்லிப்போடாதை. பாவம், அவன் பாக்காம அனுப்பியிருப்பான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஃபோன் எடுத்தபோது அக்கா அதைத் தொடவில்லை. உண்மையும் சொல்ல ஏலாது, பொய்யும் சொல்ல ஏலாது என்று இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு 'கோயிலுக்குப் போறன், அடுத்த கிழமை கதைப்பம்' என்று தட்டி அனுப்பிவிட்டு உடனே சேலை மாற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனாள், சொன்னது பொய்யாகிவிடக்கூடாதாம். நானும் பின்னால் போனேன், வேறென்ன செய்வது?

கிழமை முடிந்து இரத்தம் எடுத்தோம். இந்த முறை மெசின் உண்மை சொன்னது. அக்காவின் உடம்பில் அந்த ஹோர்மோன் ஏறக்குறைய இல்லவே இல்லை. இப்படியொரு கணக்கோடு இவர் மூன்று மாடி ஏறி இறங்கியதை நம்ப முடியவில்லை என்றார் டொக்டர். நெஞ்சைச் சோதித்துவிட்டு, குளிசையைப் படிப்படியாகப் பழைய அளவுக்குக் கொண்டுவர எழுதித் தந்தார். தேறக் கொஞ்சக் காலம் எடுக்கும், ஒருநாள்கூடத் தவறவிடக்கூடாது என்று இரண்டு தரம் சொன்னார்.

அடுத்த ஞாயிறு. அக்கா தலை இழுத்துச் சீவி, பொட்டு வைத்து, ஃபோனைப் பழக்கூடையில் சாய்த்து வைத்துக்கொண்டு இருந்தாள். அவன் முகம் வந்தது.

"அம்மா, அந்தக் குளிசை போட்டீங்களோ?"

"இல்லை அப்பன். அது எனக்கு ஒத்துவரேல்ல. டொக்டர் நிப்பாட்டச் சொல்லிப்போட்டார்."

"ஓ" என்றான். பக்கத்து அறை வாசலில் நான் நின்று கேட்டுக்கொண்டிருக்க, கதையை மாற்றினான். "அங்க மழையோ?"

"இல்லை, வெயில். அங்க?"

"குளிர். சரி அம்மா, வைக்கட்டோ?"

அக்கா ஃபோனை மேசையில் குப்புறக் கவிழ்த்தாள். என்னைப் பார்த்து, "பாத்தியோ?" என்றாள். கண் நிறைந்திருந்தது.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ தெரியாது. அந்த ஃபோனைப் பறித்து அவனுக்கே திருப்பி எடுத்தேன்.

"டேய், நீ வாயைத் திறக்காமல் நான் சொல்லுறதைக் கேள். உன்ர அம்மாவுக்குத் தைரொயிட் இல்லை, வெட்டி எடுத்தாச்சு. விடிய எழும்பி ஒரு சின்ன வெள்ளைக் குளிசை போடாட்டி அவ செத்துப் போவா. இந்தமுறை கிட்டத்தட்டப் போய்த்தான் வந்தவ. நீ கேக்கவேண்டிய குளிசை அதுதான். ஞாயிற்றுக்கிழமை மட்டுமில்லை, ஒவ்வொரு நாளும் கேக்கவேணும். இஞ்ச விடியேக்க உனக்கு இரவுச் சாப்பாட்டு நேரம், முழிச்சுத்தான் இருப்பாய். எடுத்து, அம்மா போட்டீங்களோ, எத்தினை மணிக்குப் போட்டீங்கள், குளிருதோ, என்ன சாப்பிட்டீங்கள் எண்டு உன்ர கேள்வியெல்லாத்தையும் கேள். விளங்குதோ?"

மாட்டுக் கதையை மட்டும் விழுங்கிக்கொண்டேன். அவன் முகம் ஃபோனுக்குக் கிட்ட வந்தது. பிறகு, "சித்தி, அம்மாவுக்கு என்ன நடந்தது?" என்றான். குரல் உடைந்திருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா எழும்பி வந்துவிட்டாள். இத்தனை மாதமாகக் கதிரையிலிருந்து எழும்பவே பஞ்சிப்பட்டுச் சோம்பிக் கிடந்தவள், எங்கிருந்து அவ்வளவு வேகம் வந்ததோ, ஃபோனை என் கையிலிருந்து பறித்தாள்.

"ஏனடி பிள்ளையோட கத்துறாய்?" என்றாள். "அவன் இன்னும் காலமைச் சாப்பாடும் சாப்பிட்டிருக்க மாட்டான்."